நாலு எண், மூன்று புள்ளி

ஹட்டனில் அரை விலைக்கு வாங்கிய ரெக்கோடருக்கு
வயிறு சின்னது.
நாற்பது மணி நேரம் பதிந்தால் நிரம்பிவிடும்,
அப்புறம் எதையாவது அழி என்று
திரையில் கெஞ்சும்.
எதை அழிப்பது?
சம்பளப் பேச்சுவார்த்தை நாளில்
பொகவந்தலாவ பஸ் ஸ்டாண்டில் நின்று
செய்தி சொன்னவருக்குப் பின்னால்
மூன்று நொடி
என் வீட்டுக்காரர் அருளப்பன் வடை தின்கிறார்.
அதையா?

ஆறாம் காம்பரா கிருஷாந்தினிதான் வழி சொன்னாள்.
அவள் வீட்டு அலுமாரிக்கு மேல்
ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே இரண்டு டிஸ்க்.
'எல்லாரும் போடலாம், எல்லாரும் எடுக்கலாம் அக்கா,
பொதுப் பீலி மாதிரி.'
பொதுப் பீலியில் நடக்கும் சண்டை
அவளுக்குத் தெரியாததா?

நான் எட்டு. நடுவில் ஏழு.
ஏழில் பெரியநாயகி.
கான் அடைத்த தண்ணீர் யார் வாசலில் தேங்கியது என்று
மாசியிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.
வயர் அவள் தலைக்கு மேலேதான் போயாக வேண்டும்.
தகரத்துக்கும் சிலிங்குக்கும் நடுவில்
அருளப்பன் ஊர்ந்து ஊர்ந்து இழுத்தார்.
கீழே அவள் மீன் பொரித்துக்கொண்டே
எங்களுக்குக் கேட்கும்படி இருமினாள்.

முதல் இரவே ரெக்கோடர் பெட்டியைக் கண்டது.
பெயர் கேட்டது, பாஸ்வேர்ட் கேட்டது,
கதவைத் திறந்தது.
ஆறாம் வீட்டுக் கல்யாணம்,
யாரோ ஏற்றிவைத்த கிரிக்கெட்,
பிள்ளைக் காம்பராவில் நான் போட்டுக்காட்டும் யானைக் கதை,
எல்லாம் வரிசையாய்.
அதற்கு நடுவில் என் வடையை வைத்தேன்.

பிறகு மழை.
கரண்ட் போனது. வந்தது.
'பெட்டியைக் காணவில்லை' என்றது ரெக்கோடர்.
வயரை ஆட்டினேன், ஊதினேன்,
மண்டையில் ஒரு தட்டும் தட்டினேன்.
போய்ப் பார்த்தால் பெட்டி அங்கேயேதான்,
அலுமாரிக்கு மேல்,
பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு.
முகவரிதான் மாறிப்போயிருந்தது.
ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும்
ரவுட்டர் அதற்குப் புது எண் கொடுக்குமாம்,
ரெக்கோடர் பழைய வாசலையே
தட்டிக்கொண்டு நிற்குமாம்.

எனக்கு இது புதிதில்லை.
எங்கள் லயத்துக்குக் கடிதம் வந்தால்
தோட்டத்து ஆபீசோடு நின்றுவிடும்.
தோட்டத்தின் பெயர், மேற்கணக்கு,
அதற்குக் கீழே என்ன எழுதினாலும் யாரும் படிப்பதில்லை.
கிருஷாந்தினிக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம்
பரீட்சை முடிந்து ஒன்பதாம் நாள்
கிளாக்கர் மேசையில்
தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே கிடைத்தது.
அந்த வட்டக் கறையோடு
இன்னும் வைத்திருக்கிறாள்.

அவள்தான் வந்து உட்கார்ந்தாள், நனைந்த தலையோடு.
ரவுட்டருக்குள் போனாள்,
நாலு எண், மூன்று புள்ளி எழுதினாள்.
'இனி இது அந்தப் பெட்டிக்கு மட்டுந்தான் அக்கா.
கரண்ட் போனாலும் மாறாது.'
'யாருக்கிட்ட கேட்ட?'
'யாருக்கிட்ட கேக்கணும்?'
'எவ்வளவு நேரம் எடுத்துச்சி?'
'நீங்க கேட்டுக்கிட்டிருந்த நேரந்தான்.'

அந்த எண்ணைக் கலண்டரில் குறித்துவைத்தேன்,
சம்பள நாளுக்குப் பக்கத்துக் கட்டத்தில்.
பேனா சரியாக எழுதவில்லை,
இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது.

அன்றிரவு ஐந்து வீட்டு டிவியில் வடை ஓடியது.
சிரிப்பு சுவர் சுவராய்த் தாண்டி வந்தது.
நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடியும்.
அருளப்பன் வெட்கப்பட்டு
இஸ்தோப்பில் போய் நின்றுகொண்டார்,
பனிக்குள் பார்க்க எதுவுமே இல்லாமல்.

பத்து மணியிருக்கும்.
ஏழாம் காம்பராப் பக்கம் சுவரில் மூன்று தட்டு.
'ஒங்க வயர எலி கடிக்குது.
நாளைக்கு மாத்துங்க.'
கொஞ்சம் பொறுத்து,
'அந்த வடை
எத்தனாம் நம்பர்ல வருது?'